கை நனைக்கிற நாள்

வனஜா முன்பெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் தண்ணீர் லாரி வந்தால் முதல் குடம் அவளுடையது. வரிசை பேச வந்தவர்கள் அவள் உடம்பைப் பார்த்துப் பாதியும் வாயைக் கேட்டு மீதியும் ஒதுங்கிவிடுவார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ. ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தால், "இன்னாப்பா, உன் மீட்டர் என்னையும் சேத்து எடை போடுதா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவாள்.

சர்க்கரை வந்தது. ராத்திரியில் படுத்தால் மூச்சு முட்டியது. கடைசியில் டாக்டர் வயிற்றைத் தைத்து ஒரு கோழி முட்டை அளவுக்குச் சின்னதாக்கிவிட்டார். எடை குறைந்தது. ஊசி நின்றது. பழைய ஜாக்கெட்டில் இரண்டு தைக்கலாம் என்கிற அளவுக்கு ஆளே மாறிப்போனாள். ஆனால் அதுவரை அவளுக்குப் பழக்கமே இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது. சோற்றைக் கண்டால் பயம்.

வீட்டில் பிரச்சினை இல்லை. கால் இட்லியைக் கூழாக மென்று விழுங்கலாம், நிறுத்தலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஹோட்டல்தான் பயம். ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து அல்சூரில் தோசை சாப்பிடக் கணவர் ராமலிங்கம் கூட்டிப் போனார். நான்காவது வாய் நெஞ்சுக்குழியில் கல்லாக நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. வாயெல்லாம் நுரையாக எச்சில் ஊற, கை கழுவுகிற இடத்துக்கு ஓடினாள். பின்னால் நின்ற ஒரு அம்மா, "பாவம், மாசமா இருக்காங்க போல, வழி விடுங்க" என்றாள். வனஜாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்தம்மாவுக்குப் பதில் சொல்லக்கூட வாய் வரவில்லை. வனஜாவுக்கு வாய் வராமல் போனது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் விரதம் என்றாள். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு, செவ்வாய் முருகனுக்கு, இப்படி வாரத்தில் ஆறு நாளுக்கு ஆறு சாமி. தெருவில் அவளைப் பெரிய பக்தை என்று பேசிக்கொண்டார்கள். ஆபரேஷன் விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பது ராமலிங்கத்தின் கட்டளை. காரணம், மகள் பார்கவி.

"அம்மாக்காரி வயித்த அறுத்துதான் ஒடம்ப எறக்குனானு தெரிஞ்சா, பொண்ணும் நாளைக்கு அப்படியே வீங்கிரும்னு நெனைப்பாங்க. எவன் கட்டுவான்?" என்றார்.

"நீ கட்டுனியே" என்றாள் வனஜா.

"அப்ப நீ ஒல்லியா இருந்த."

கல்யாணத்தன்று அவள் பார்கவியை விட ஒல்லி. அந்த போட்டோ கூடத்தில்தான் மாட்டியிருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் மல்லேஸ்வரத்திலிருந்து நல்ல இடம் வந்தது. பையன் கார்த்திகேசன். பார்கவிக்கும் பிடித்திருந்தது. இனி கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் ஜனத்தில் பெண் பார்க்கிறபோது காப்பியோடு சரி. இரண்டு பக்கமும் சம்மதம் என்றான பிறகுதான் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாடுதான் வாக்கு. இலையில் கை வைக்காமல் எழுந்தாலோ, பாதியில் எழுந்து திரும்பி வராவிட்டாலோ சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

பையனின் அம்மா ஜானகி போன் செய்தாள். "வீட்டுல பெயிண்டிங் நடக்குது அண்ணி, ஹோட்டல்லயே வெச்சுக்கலாம். நீங்க விரதமெல்லாம் இருப்பீங்கன்னு கேள்விப்பட்டேன். எந்த நாள் விரதம் இல்லையோ அதைச் சொல்லுங்க, அன்னைக்கே வெச்சுடலாம்."

வனஜா காலண்டரைப் பார்த்தாள். சாமிகள் கைவிட்ட ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை.

பார்கவிக்குப் பக்கத்தில் உட்காருவது, அவளுடைய இலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுவது என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஹோட்டல் மாடிக்கு ஏறியதும் ஜானகி, "நீங்க என் பக்கத்துல வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். பார்கவி எதிர் வரிசையில் மாட்டிக்கொண்டாள்.

இலை போட்டார்கள். முதலில் விழுந்தது ஒப்பட்டு என்கிற போளி. கடலைப்பருப்பு, வெல்லம், மேலே ஒரு கரண்டி நெய். அந்த வயிற்றுக்கு எவையெல்லாம் ஆகாது என்று டாக்டர் சொன்னாரோ அவையெல்லாம் ஒரே வட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

வனஜா சாதத்தைப் பிசைந்தாள். பரப்பினாள். கொஞ்சம் பொரியலை அப்பளத்துக்கு அடியில் ஒளித்தாள். பீன்ஸ் ஒன்றை வாயில் போட்டு, அது தண்ணீராகிற வரை மென்றாள்.

"அண்ணி, நீங்க இலைல கோலம்தான் போடறீங்க" என்றாள் ஜானகி.

"மெதுவா சாப்பிடற பழக்கம்."

"ஒப்பட்டு அப்படியே இருக்கு. இனிப்புல கை வெச்சுட்டுதானே மத்தது?"

"வெக்கறேன் வெக்கறேன்."

பரிமாறுகிறவர் வந்து கன்னடத்தில், "பேரே ஏனாதரூ பேக்கா அம்மா?" என்று கேட்டார். வேறு எதுவும் வேண்டாம் என்று வனஜா இலைக்கு மேல் இரண்டு கைகளையும் வைத்து மறைத்தாள். அதுதான் தப்பாகப் போனது. ஜானகி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"எங்க பக்கம் எதுனா கொறை இருந்தா இப்பவே சொல்லிடுங்க அண்ணி. வந்து ஒக்காந்ததுலருந்து பாக்கறேன், எல்லாத்தையும் தொட்டுத் தொட்டு வெக்கறீங்க. மனசுல ஒண்ணு வெச்சுட்டு இலை முன்னாடி ஒக்காரக் கூடாது."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எதிரில் ராமலிங்கம் கண்ணாலேயே சாப்பிடு என்றார். பார்கவியின் முகம் வெளுத்திருந்தது. வனஜா ஒப்பட்டைப் பிய்த்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். ஜானகியின் முகம் தெளிகிற வரைக்கும், பாதி ஒப்பட்டு.

பிறகு காத்திருந்தாள். வருவது அவளுக்குத் தெரியும், எப்போது என்பதுதான் தெரியாது. பேச்சு மண்டபம், முகூர்த்தம் என்று போய்க்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதலில் காது சூடானது. அப்புறம் முதுகில் வேர்வை வழிந்தது. நெஞ்சு, மாடிப்படி ஓடி ஏறினது போல் அடித்தது. வயிற்றுக்குள் எதையோ உருட்டிவிட்டது போல் இருந்தது. இலையிலேயே ஆகிவிட்டால்? எல்லார் முன்னாலும், பட்டுப்புடவையோடு? எதிரில் இருந்த முகங்கள் மங்கின. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கக் கூடாது என்று தெரிந்தே எழுந்தாள்.

பாத்ரூமிலிருந்து வெளியே வரக் கால் மணி நேரம் ஆனது. ஜானகி கை கழுவிவிட்டுக் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னா ஒடம்புக்கு? மறைக்காதீங்க. கேன்சரா?"

வனஜா சுவரில் சாய்ந்தாள். பொய் சொல்லத் தெம்பு இல்லை. "கேன்சர் இல்ல. குண்டா இருந்தேன். நூத்திப் பதினெட்டு. வயித்த ஆபரேஷன் பண்ணி சின்னதாக்கிட்டாங்க. இனிப்பு சாப்பிட்டா இப்படித்தான் ஆகும். விரதம்லாம் சும்மா. எந்த சாமிக்கும் நான் ஒரு வேளை பட்டினி கெடந்ததில்ல."

ஜானகி கேட்டது, வனஜா ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த அதே கேள்வி.

"பொண்ணுக்கும் வருமா?"

"வரலாம். அவ வயசுல நானும் அப்படித்தான் இருந்தேன். வராதுன்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது." முடிந்தது, மகளின் கல்யாணத்தைப் பாத்ரூம் வாசலில் வைத்து முடித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஜானகி தாழ்வாரத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "எங்க வீட்டுலயும் சொல்லாதது ஒண்ணு இருக்கு. எங்க மாமனாருக்கு சுகர். இவருக்கு நாப்பதுலயே வந்தது. போன வருஷம் கார்த்திக்கு டெஸ்ட் பண்ணதுல, இன்னும் வரல, ஆனா வாசல்ல நிக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. கல்யாணம் ஆகட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இவர்தான்..."

வனஜாவின் பயம் அந்த நிமிஷத்தில் இடம் மாறியது. இவ்வளவு நேரமும் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கினாள். இப்போது, சரி என்று சொல்ல வேண்டியவள் அவள். சர்க்கரை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருஷம் தொடையில் ஊசி குத்திக்கொண்டவள். பையனுக்கு இருபத்தெட்டு வயதுதான்.

"நீங்க போய் ஒக்காருங்க. பார்கவிய கொஞ்சம் இங்க அனுப்புங்க" என்றாள்.

பார்கவி ஓடி வந்தாள். வனஜா எதையும் மூடாமல் சொன்னாள். இந்தப் பக்கம் இருப்பது, அந்தப் பக்கம் இருப்பது, நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் என்ன வரும் என்பது.

"நீ என்னாமா நெனைக்கற?" என்றாள் பார்கவி.

"எனக்கு பயமாத்தான் இருக்கு. இல்லனு சொன்னா பொய். ஆனா வாழப்போறது நீ. நான் திரும்பிப் போய் இலைல கை வெச்சா முடிஞ்சுது, அப்பறம் மாத்த முடியாது. வெக்கட்டுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு."

பார்கவி கூடத்தைப் பார்த்தாள். கார்த்திகேசன் சாப்பிடாமல், கையை இலைமேல் வைத்தபடி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவருகிட்ட நானே ஒரு வார்த்தை பேசறேன். நீ வெய்மா."

வனஜா முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஜானகி ஆள் அனுப்பி அவள் இலையை மாற்றியிருந்தாள். புது இலையில் எதுவும் இல்லை.

"ஸ்வல்ப மொசரு கொடி, பேரே ஏனூ பேடா" என்றாள் ஜானகி பரிமாறுகிறவரிடம்.

ஒரு கரண்டி தயிர் மட்டும் விழுந்தது. வனஜா அதில் விரல் வைத்தாள். ஒரு துளி எடுத்து வாயில் வைத்து விழுங்கி, அது இறங்குகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ராமலிங்கம் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஜானகி கையமர்த்தினாள். யாரும் இலையை மூடவில்லை. இறங்கியதும் அடுத்த துளியை எடுத்தாள்.