ஜாக்கெட் துணியோடு வந்தவர்

இங்கே நார்வேயின் பெர்கன் நகரில் மதியச் சாப்பாட்டு மேசையிலேயே மாத்திரை டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். இது ரத்த அழுத்தத்துக்கு, இது மனச்சோர்வுக்கு என்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொல்கிறார்கள். வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருக்கும். வியாதியை மறைப்பதில் எங்கள் குடும்பம் கில்லாடி.

போன விடுமுறையில் எங்கள் ஊர் மண்ணூர்பேட்டைக்குப் போனபோது வசந்தி அக்கா ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொழிற்பேட்டையில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. தூசுதான் காரணம் என்று சாதித்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். கெஞ்சிக் கூத்தாடி அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். சளிப் பரிசோதனை இலவசம் என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவோ முன்பு குடியிருந்த நூம்பல் வீட்டு முகவரியைக் கொடுத்தாள். போன் நம்பரிலும் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னாள்! வெளியே வந்து கத்தினேன்.

“டிபின்னு தெரிஞ்சா ஊட்டுக்காரம்மா அன்னிக்கே காலி பண்ணச் சொல்லிடும்டா. ரெண்டு புள்ளைங்கள இஸ்துகினு எங்க போவேன்?”

ரிசல்ட்டைத் தானே போய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னவள், பயத்தில் நாலு நாளாகப் போகவேயில்லை.

ஐந்தாம் நாள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் ஜாக்கெட் துணி. வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வசந்தி ஊட்ல கீதா? ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கணும்.”

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான், தான் சுகாதார நிலைய ஊழியர் என்றார். நூம்பலில் வீடு வீடாக விசாரித்து, இந்த முகவரியையும் அக்கா தையல் வேலை செய்வதையும் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

“பொய் அட்ரஸ் குடுக்கிறவங்க நிறைய பேரும்மா. டிபிதான், பயப்படாத. ஆறு மாசம் வுடாம மாத்திரை போட்டா சரியாப்பூடும். பைசா செலவு கெடையாது. நானே எட்த்தாந்து குடுக்கறேன், ஜாக்கெட் தைக்க வர்ற மாரி.”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

போன வாரம் நான் அலுவலகத்தில் இருந்தபோது அக்கா அழைத்தாள். மாத்திரை முடிந்துவிட்டது, கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கிசுகிசுத்தாள்: “சுத்தமா பூட்ச்சிடா!”

சந்தோஷம் தாங்காமல் பக்கத்து மேசை ஓலாவிடம், “என் அக்காவுக்குக் காசநோய் குணமாகிவிட்டது” என்றேன்.

“நல்லது. அதற்குத்தான் மருந்து இருக்கிறதே?” என்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனிடம் எதை, எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அழைப்பை நான் துண்டிக்கவில்லை. மண்ணூர்பேட்டைக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் காதோடு அழுத்திக்கொண்டு, பெர்கனில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.