கன்னியம்மா கண்டெடுத்த கல்

"கண்டெடுத்தவர்: சங்கத் தலைவர்" என்று லேபிளில் அச்சாகியிருந்தது. திறப்பு விழாவுக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அச்சரப்பாக்கத்தில் எங்கள் சங்கத்துக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் நடத்தும் அருங்காட்சியகத்தில் அக்செஷன் ரிஜிஸ்டர் என் பொறுப்பு. எந்தப் பொருள் வந்தாலும் எண், கிடைத்த இடம், கண்டெடுத்தவர் பெயர் மூன்றையும் அதில் ஏற்றுவேன்.

அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர் கன்னியம்மா. நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டும்போது கிடைத்தது. உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர்.

"இது தானா ஒடஞ்ச கல்லு இல்ல சார். யாரோ தட்டித் தட்டி ஒடச்சிகீறாங்க."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"இருவது வருசம் குவாரில ஜல்லி ஒடச்சவ சார் நானு. எனக்குத் தெரியாதா?"

பிறகு வந்து பார்த்த தொல்லியல் பேராசிரியரும் அதையேதான் சொன்னார். கற்காலக் கைக்கோடரி. என்ன, அவர் கொஞ்சம் நீளமாகச் சொன்னார்.

லேபிளோடு தலைவரிடம் போனேன். மனை வியாபாரி, அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் அவருடையது.

"இன்னா சார் இப்போ? புரொபசர இட்டாந்து காட்டினது யாரு? நான்தானே?"

"கண்டுபிடிச்சது கன்னியம்மா சார்."

"அது பொறுக்கினு வந்துச்சு, அவ்ளோதான். மண்ணு வெட்றவங்க பேரையெல்லாம் கண்ணாடிக்குள்ள வைப்பாங்களா?"

விழாவுக்கென்று பட்டுப்புடவை கட்டி வந்திருந்த கன்னியம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. திரும்பி நடந்தார்.

லேபிளை அங்கேயே கிழித்தேன். அட்டை ஒன்றில் அவர் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டினேன்.

"வெளிய போய்யா!" என்றார் தலைவர்.

எங்களோடு வேலை பார்த்த ஸ்டெல்லா டீச்சர் முன்னால் வந்தார். "அவர் போனா நாங்க எல்லாரும் போறோம். விழாவ நீங்களே நடத்திக்குங்க."

விருந்தினர் கார் வந்துவிட்டதால் தலைவர் வாயை மூடிக்கொண்டார். அட்டை அப்படியே உள்ளே இருந்துவிட்டது.

மறுநாள் கன்னியம்மா வீட்டுக்குப் போய், அட்டையைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "வேல கீது சார்" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை போனேன். இன்னும் அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

தலைவர்மேல் உள்ள கோபம் எனக்கு அடங்கவில்லை. ஆனால் லேபிள்களை அச்சுக்கு அவர் எடுத்துப்போனபோது சரிபார்க்க புரூஃப் கேட்காமல் விட்டவன் நான்தான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ரிஜிஸ்டரில் எழுதியதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. லேபிளையும் நீங்களே படித்துப் பாருங்கள், சம்பந்தப்பட்டவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே.