ராயப்பராஜ் உட்கார்ந்த பந்தி

என் மூத்த மகள் கல்யாணத்தில் ராயப்பராஜ் பந்தியில் உட்காரவில்லை. என் தங்கை நான்சியின் வீட்டுக்காரர் அவர். தூணோரமாக நின்று, தட்டைக் கையில் பிடித்துத் தின்றுவிட்டுப் போனார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்கு வருவார், நின்றபடியே காப்பி குடிப்பார், போவார். நாற்காலியைத் துடைத்துப் போட்டாலும் தொடமாட்டார். பூக்கடைக்காரன் வீட்டு நாற்காலி இவருக்கு ஆகாதோ என்று வருஷக்கணக்கில் எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

ஆள் நத்தம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வண்டி காலியாக ஓடினாலும் கம்பியைப் பிடித்து நிற்பார். வாய் மட்டும் ஓயாது. சில்லறை இல்லை என்பவர்களிடம் வீட்டுக் கதை கேட்டே சில்லறை வாங்கிவிடுவார்.

போன வருஷம் திடீரென்று தூங்க ஆரம்பித்தார், அதுவும் நின்றபடி. சாணார்பட்டியில் இறங்க வேண்டியவர்கள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் கேட்காத இடத்தில் விசில் ஊதினார். குடிக்கிறார் என்று பேச்சு. நானும் நம்பினேன்.

ஒரு காலையில் மார்க்கெட்டில் என் கடைக்குச் சின்னப் பொட்டலத்தோடு வந்தார்.

"மச்சான், இத உங்க ஐஸ் பெட்டியில வைக்கணும். என்னன்னு மட்டும் கேக்கப்படாது."

கேட்காமல் விடுவேனா. மல்லிகை மூட்டைக்குப் பின்னால் இழுத்துப்போய் விஷயத்தைக் கறந்துவிட்டேன். இடுப்புக்கு அடியில் உடம்பைத் தாங்குகிற தசை ஒன்று இருக்கிறதாம். அவருக்கு அது இழுத்துப் பிடித்துக்கொண்டு விடுவதில்லையாம். உட்கார்ந்தால் சூடான தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரிதான். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையால் வந்ததுதான் அந்தத் தூக்கம். அதனால் இப்போது தசையைத் தளர்த்துகிற மருந்தை வாய்வழி இல்லாமல், ஆசனவாயில் வைக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்படி வைத்தால் சிலருக்குத் தூக்கம் குறைவாம், எல்லாருக்கும் கேட்குமென்றும் சொல்ல முடியாதாம். வைத்துக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது, தசை தளரச் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியையும் விடக்கூடாது. மெழுகு மாதிரி இருப்பதால் நம் ஊர் வெயிலுக்கு உருகிவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் பிள்ளைகள் சாக்லேட் என்று எடுத்துவிடுமே என்று பயம்.

"அப்ப கல்யாணத்துல நின்னது?"

"நின்னாவது தின்னேனே மச்சான்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூட்டைமேல் விழுந்து சிரித்தேன். அவரும் நின்றுகொண்டே சிரித்தார்.

மருந்து மெல்லக் கேட்டது. என் கடைசி மகன் இனிகோ கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து வந்தது. இந்தப் பந்தியில் உட்கார்ந்தே தீருவேன் என்றார். காலையில் ஒரு நடை பஸ் ஓடிவிட்டு, என் கடையில் மருந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

அன்றைக்கு நான் ஐஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே நத்தத்துக்குப் போக வேண்டிய மல்லிகை. எங்கள் லோடுமேன் பொம்மையன் பெட்டியை மாற்றி ஏற்றிவிட்டிருந்தான், அதுவும் ராயப்பராஜ் பஸ்ஸிலேயே.

போன் போட்டேன். "மாப்ளே, பூப்பெட்டி எங்க இருக்கு?"

"இஞ்சின் மூடி மேல."

"அதுக்குள்ள இருக்கிறது பூ இல்ல, உங்க சாமான்."

உடனே போனில் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற விசில் கேட்டது.

மிச்சத்தை அவர் சொல்லித்தான் தெரியும். பெட்டியைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நத்தம் வரை நின்றிருக்கிறார். ஒரு அம்மா முழம் என்ன விலை என்று கேட்டதற்கு, "இது உங்க தலைக்கு ஆகாதுக்கா" என்றிருக்கிறார். நத்தத்தில் ஒரு மீன்கடையில் ஐஸ் வாங்கிப் போட்டுத் திரும்பினார்.

பெட்டியோடு வீட்டுக்கு ஓடியவர், இரண்டாம் பந்தி தொடங்கும்போது வெள்ளைச் சட்டையில் மண்டபத்துக்குள் வந்தார். மீன்வாடை லேசாக அடித்தது. நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார். நான்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் முகம் சுளிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தார், கறியை மறுபடி கேட்டார், பக்கத்தில் இருந்தவரிடம் டிக்கெட் எடுத்தாச்சா என்றார். நான் பொரியல் பரிமாறுகிற வெஞ்சன வாளியைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பந்தி முடிந்து எல்லோரும் எழுந்து கை கழுவப் போனார்கள். அவர் மட்டும் அசையவில்லை. தசை மறுபடி பிடித்துக்கொண்டதோ என்று பதறி ஓடினேன். என் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னார்.

"மச்சான், அடுத்த பந்திக்கும் இங்கயே எனக்கு ஒரு இலை போடச் சொல்லுங்க. நான் எந்திரிக்கிறதா இல்ல."