கடைசியில் வைத்த கண்கள்

அந்தப் பெட்டியை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தவன் ரிஷிவந்தியத்து நண்பன்தான். சென்னையில் இருக்கும் அவன் சித்தப்பா மகன் வீடு மாற்றும்போது வேண்டாம் என்று கொடுத்தது. உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் கை தனி, கால் தனி, தலை தனியாக நான்கு சிப்பாய்கள். வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். முடித்தால் ஒவ்வொருவரும் சுண்டுவிரல் உயரம்.

"ஞாயித்துக்கெழமைல சும்மாதான கெடக்குறோம். மூணு பேரும் சேந்து செய்யலாம்டா" என்று சொன்னவனும் அவன்தான். ஆனால் முதல் துண்டை வெட்டச் சொல்லி நான் நகவெட்டியை நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நீ ஆரம்பி. நான் போயி டீ வாங்கினு வந்துடுறேன்."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். நான் தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வெள்ளிமலையிலிருந்து வந்தவன் செல்போன் பழுது பார்க்கிறான். ரிஷிவந்தியத்துக்காரன் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறான்.

அவன் ஏன் டீ வாங்கப் போனான் என்று எனக்குத் தெரியும். முந்தைய வருடம் அவர்கள் நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட்டபோது நானும் போயிருந்தேன். துளை போடும் வண்டி வந்து நின்று, கற்பூரம் ஏற்றப்போகிற நேரத்தில் அவன் அப்பா அவன் தோளில் கை வைத்து, "சாமி, எல்லாருக்கும் டீ வாங்கினு வந்துடுப்பா" என்றார். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பிரியமாகச் சொன்னார். நானும் கூடப் போனேன். நாங்கள் திரும்பி வரும்போது தேங்காய் உடைத்தாகிவிட்டது; வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பைக்கில் வரும் வழியில் அவனே சிரித்துக்கொண்டே சொன்னான். பன்னிரண்டு வயதில் அவன் கையால் தேங்காய் உடைத்துப் போட்ட போரில் தண்ணீர் இல்லை, வெறும் மண்புகைதான் வந்தது. அடுத்த போருக்கும் அவனையே உடைக்கச் சொன்னார்கள். அதிலும் புகை. அதற்குப் பிறகு நாற்று விடுவது, ஏர் பூட்டுவது, எது தொடங்கினாலும் அவனுக்கு வேறு ஒரு வேலை வந்துவிடும்.

"கைராசி இல்லன்னு யாரும் சொல்லமாட்டாங்கடா. திட்டமாட்டாங்க. அதான் கஷ்டம். திட்னா சண்டையாவது போடலாம்."

அதனால் பெட்டியைத் திறந்த அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் டீயோடு வந்தபோது இரண்டு கால்கள் ஒட்டியிருந்தோம். தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தான். எங்களைவிட நன்றாகவே செய்தான். அச்சுக் கோடுகளை அவன் தேய்த்து எடுத்த இடத்தில் விரலை வைத்தால் ஒன்றும் தட்டாது. ஆனால் எந்தப் புதுத் துண்டையும், எந்தப் புது வர்ணத்தையும் எங்களில் ஒருவர் முதலில் தொட்டுக் கொடுக்க வேண்டும்.

"இன்னாடா, நீ தொட்டா பிளாஸ்டிக்குகூட வத்திடுமா?" என்பான் வெள்ளிமலைக்காரன்.

"ரிஸ்க் எதுக்கு மச்சி?"

சிப்பாய்கள் எங்களிடம் சிப்பாய்களாக இருக்கவில்லை. துப்பாக்கியை வெட்டிவிட்டு, புட்டிப் பசையைப் பிசைந்து வைத்து வேட்டியும் கைலியும் கட்டிவிட்டோம். மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு. என்னுடையவன் கையில் மஞ்சள் பை. வெள்ளிமலைக்காரன் தன்னுடையவன் தலையில் சாமை மூட்டை ஏற்றினான். ரிஷிவந்தியத்துக்காரன் ஒரு பெரியவரைச் செய்தான். தன் அப்பா என்று அவன் சொல்லவில்லை. ஆனால் முதுகின் கூனும், இடது தோளில் மடித்துப் போட்ட துண்டும் சொல்லிவிட்டன. நான்காவது ஆளை யாரும் எடுக்கவில்லை. அவன் தலை மட்டும் ஒரு குண்டூசியில் குத்தியபடி ஜன்னலோரம் நின்றது. பெட்டியிலிருந்த தோல் நிறம் யாருக்கும் பொருந்தாததால், எங்கள் மூவரின் முன்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்து மூன்று பழுப்புகளைக் கலந்தோம்.

கண் விஷயத்தில்தான் தவறு நடந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மாத்திரை அட்டை முதல் பட்டா வரை படித்துச் சொல்ல வேண்டியவன் நான்தான். அதனால் அறையிலும் எப்படிச் செய்வது என்று தேடிப் படிக்கும் வேலை என்னுடையது. கண்ணை முதலில் வரைந்துவிட்டுப் பிறகுதான் முகத்துக்குத் தோல் நிறம் பூச வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். இதை நான் சொன்னதும் வெள்ளிமலைக்காரன் என்னை முறைத்தான்.

"கண்ண எவனாவது மொதல்ல தெறப்பானா? ஐயனாருக்கே கடைசிலதான் தெறக்குறாங்க. இங்க மரச்சிலைப் பட்டறைல போயி கேளு."

நான் உடனே ஒப்புக்கொண்டேன். மூவரும் அவரவர் ஊரில் கண் திறப்பதைப் பார்த்தவர்கள். சிற்பி உளியை வைக்கும்போது கூட்டமே மூச்சை அடக்கி நின்றதைப் பார்த்தவர்கள். சுண்டுவிரல் உயரத்து மனிதர்களுக்கும் அதுதான் முறை என்று தோன்றியது.

ஐந்தாவது ஞாயிறு மத்தியானம் கண் வைக்க உட்கார்ந்தோம். முகங்கள் எல்லாம் முடிந்து, நிழல்கூட விழுந்து, அழகாக இருந்தன. நான் பல்குச்சி முனையில் வெள்ளையைத் தொட்டு வைத்தேன். பரவிவிட்டது. துடைத்தேன். கன்னத்து நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. மறுபடி வைத்து, நடுவில் கறுப்புப் புள்ளியும் வைத்தபோது, மஞ்சள் பைக்காரன் பேயைப் பார்த்தவன் மாதிரி விழித்தான். கடையில் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைக்கும் வெள்ளிமலைக்காரன், பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவனுடையவனுக்கு ஒரு கண் கண்ணிலும் இன்னொன்று கன்னத்திலும் விழுந்தது.

"அதான் வீடியோல கண்ண மொதல்ல வெச்சானுங்களா" என்று மெதுவாகச் சொன்னான். கண்ணில் பிசகினாலும் தோல் நிறத்தால் மூடிக்கொள்ளலாம். எங்களுக்கு அது அப்போதுதான் புரிந்தது.

மீதி இருந்தது பெரியவர். மூன்றில் நல்ல முகம் அவருடையது.

ரிஷிவந்தியத்துக்காரன் குச்சியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். எங்கள் இருவருக்கும் கெட்டது வெறும் பொம்மை. அவனுடையது கெட்டால் அது மூன்றாவது போர்.

"வுடுடா. பஸ்ஸு வர்ற வரைக்கும் கண்ண மூடினு நிக்கிறார்னு வெச்சிக்கலாம்" என்றேன். "நீ வைக்க வேணாம்."

அவன் கோபமே இல்லாமல் கேட்டான்.

"நீயும் என்னை டீ வாங்க அனுப்புறியா?"

நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று தோளில் கை வைத்த அவன் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவன் பெரியவரைக் கையில் எடுத்தான். யாரையும் தொட்டுக் கொடுக்கச் சொல்லாமல் அவனே வெள்ளையில் குச்சியைத் தோய்த்தான். எங்கள் இருவரையும்விட நிதானமாகத்தான் வைத்தான். முதல் கண் நன்றாக வந்தது. இரண்டாவது பரவியது. சரிசெய்யப் போய் முதலாவதையும் பெரிதாக்கினான். கறுப்புப் புள்ளிகளை வைத்து முடித்து, பெரியவரை மற்ற இருவர் பக்கத்தில் நிறுத்தினான். மூவரும் ஒரே மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து பொம்மைகளையே பார்த்தேன்.

"போர்ல பொக வந்தப்ப எங்கப்பா இப்டிதான் முழிச்சாரு" என்றான்.

முதலில் வெள்ளிமலைக்காரன்தான் சிரித்தான். பிறகு நான். அவனும் சிரித்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்று பொம்மைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். என்னுடையதைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

"உன்னுதும் கெட்டுதான் போச்சி" என்றான்.

"கெட்டுதான் போச்சி."

"அவன்துதான் இருக்கறதுலயே மோசம்."

"டேய், என்னை வுடு" என்றான் வெள்ளிமலைக்காரன்.

ரிஷிவந்தியத்துக்காரன் தலையை ஆட்டிக்கொண்டான். ஏதோ ஒரு விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் பிழை என்று கண்டுபிடித்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்ற நான்காவது தலையைக் குண்டூசியோடு எடுத்து வந்தான். அதில் இன்னும் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம்தான். தோல் இல்லை, முடி இல்லை. வெளிச்சத்துக்குத் திருப்பி உட்கார்ந்து, புதிதாக ஒரு பல்குச்சியை உடைத்து முனை சீவினான்.

"இவன் யாருடா?" என்றேன்.

"தெர்லயே" என்றான், தலை நிமிராமல். "மொதல்ல கண்ண வெச்சிடுறேன். அப்புறமா பாத்துக்கலாம்."