நாலாவது வளையம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சனி பிடித்துவிடும். அம்மாவின் அக்காள், எங்கள் பெரியம்மா, கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு புயலில் கடல் ஊருக்குள் புகுந்து எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, கோலார் தங்கவயலில் எங்களோடு வந்து ஒண்டிக்கொண்டாள்.

சுரங்கத் தொழிலாளிகளின் வீட்டு வரிசையை லைன் என்போம்; அதில் எங்களுடையது மூங்கில் தட்டி வீடு. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியில் தேய்ந்துபோய்க் கழித்த கயிற்றை அப்பா கொண்டுவருவார். பெரியம்மா கூரையை நாலு பக்கமும் இழுத்துப் பாறாங்கல்லில் கட்டுவாள். அரிசிப் பானைக்கு வாய்கட்டிப் பரணில் ஏற்றுவாள். பிறகு எங்கள் முறை. ஒரே கயிற்றில் வளையம் வளையமாக முடிந்து, எங்கள் மூன்று பேர் கையையும் நுழைத்து, நுனியைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, "மேட்டுக்கு ஓடுங்க" என்பாள். சாயங்காலமானால் இதே கூத்து. இன்று நினைத்தாலும் எனக்குக் கால் வலிக்கிறது.

"இன்னாக்கா, கடலு ரயிலேறி வரப்போவுதா?" என்று பக்கத்து வீட்டு அத்தை சிரிப்பாள்.

பெரியம்மா முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்குவாள். எனக்குத்தான் மானம் போகும். போதாததற்கு அவளுக்கு எண்ணவும் தெரியாது. பிள்ளைகள் மூன்று, வளையம் நாலு.

எனக்குப் பத்து வயதானபோது நிஜமாகவே புயல் வந்தது. நடுப்பகலில் லைனின் கூரைகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அப்பா ஷிஃப்டில், பூமிக்கடியில் இருந்தார். எங்கள் கூரை மட்டும் நின்றது. பக்கத்து வீட்டு அத்தை தன் நாலு வயது மகளோடு ஓடிவந்தாள். அதற்குள் ஓடை உடைத்துக்கொண்டு தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

பெரியம்மா கயிற்றை எடுத்தாள். நான் சமர்த்தாக அந்தச் சின்னப் பெண்ணின் கையை நாலாவது வளையத்தில் நுழைத்தேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"அதுல வைக்காதடி! எடு!"

அந்தப் பெண்ணை வெடுக்கென்று உருவித் தன் தோளில் தூக்கிக்கொண்டாள். அந்தப் பாரத்தோடு, மூச்சு வாங்க வாங்க, அம்மா, அத்தை உட்பட எங்கள் எல்லோரையும் மேட்டில் ஏற்றிவிட்டாள். வெறும் வளையம் வழியெல்லாம் தொங்கிக்கொண்டே வந்தது.

அப்பா மறுநாள் காலையில் வந்தார். அடி வாங்கியதைச் சொன்னேன். "போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தானும் ஈரத்தரையில் சாய்ந்துவிட்டார்.

ஒரு வெறுங்கயிற்றுக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று வருஷக்கணக்காக மனதில் கருவிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருந்ததை, என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். ஒவ்வோர் ஐப்பசியிலும், நாங்கள் வளர வளர, எங்கள் வளையங்களை அவிழ்த்துப் பெரிதாக முடிந்தாள் பெரியம்மா. நாலாவதை ஒருநாளும் பெரிதாக்கவில்லை.