கணவாய் மையும் வெந்நீரும்

கையில் மீன் வாடை போக என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். புளி, கல்லுப்பு, எலுமிச்சைத் தோல், காப்பிச் சக்கை, கடலை மாவு என்று எல்லாவற்றையும் என் தோலில் போட்டுப் பார்த்தவள் என் நாத்தனார்.

கணவர் கப்பலுக்குப் போயிருந்த சமயம். நான் கடற்கரைத் திரேஸ்புரத்துக்காரி. இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுப் போய், பால் கட்டி வலிக்க வலிக்கத் திரும்பி வந்தால், வாசலிலேயே கிண்ணத்தோடு நிற்பாள் நாத்தனார். என்னைவிடச் சின்னவள்.

"மைனி, நாத்தம் போகக் கழுவிட்டுப் பிள்ளையத் தொடுங்க."

இறால் முள் கீறிய விரலில் எலுமிச்சையும் உப்பும் ஏறினால் உயிர் போய்விடும். உள்ளே பிள்ளை பாலுக்குக் கத்தும். தேய்த்து முடித்த கையை அவள் மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு" என்று திருப்பி அனுப்புவாள். மாமியார் வாயைத் திறக்க மாட்டார். இத்தனைக்கும் அவளுடைய அப்பா வலை இழுத்தவர்தான். பிள்ளைகள் படித்துப் பவுடர் பூசியதும் கடல் நாறிப்போய்விட்டது. உனக்கும் ஒரு நாள் வரும், அன்றைக்கு நான் பக்கத்தில் இருப்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பேன்.

அந்த நாளும் வந்தது. அவளுக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள். பேசி முடிக்க வரும் நாள் காலையில் மீன் அனுப்பிவைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பெண் அதைத் தன் கையால் வெட்டிச் சமைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ஒரு பெரிய சட்டி நிறையக் கணவாய் காத்திருந்தது.

கணவாயின் வயிற்றுக்குள் மைப் பை ஒன்று உண்டு. அது உடையாமல் உருவ வேண்டும். எங்கள் பெண்கள் எதற்கும் முதலிலேயே கையிலும் நகக்கண்ணிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். மை பட்டாலும் அரிசி மாவைப் போட்டுத் துடைத்துப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். இது ஒன்றும் தெரியாமல் அவள் கத்தியை நடு வயிற்றில் இறக்கினாள். முழங்கை வரை கருப்பு.

"மைனி, இது எப்படிப் போவும்? சாயங்காலம் ஆளு வருமே!"

எனக்குப் பாவமாக இல்லை. சத்தியமாக இல்லை.

"சோப்பப் போட்டு வெந்நீர்ல நல்லா அழுத்தித் தேய்யி" என்றேன்.

வெந்நீர் பட்டால் மை தோலில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், வாடையும் கிளம்பும். அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. மிச்சக் கணவாய் அத்தனையையும் வெட்டிக் குழம்பு வைத்தது நான்தான்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்தார். நகமெல்லாம் கருப்பு. தொலைந்தாள் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வேல செஞ்ச கையில்லா! இவ நம்ம வீட்டுப் பிள்ளதான்."

அவளும் கூசாமல் தலையைக் குனிந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் முன்னால் போய் நின்றேன். டம்ளரை எடுக்கக் கை நீட்டிய அந்த அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டார்.

"ஏளா, ஒன் வெரலு ஏன் இப்படி வெந்து கெடக்கு?"

"எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேச்சது, அத்த. கம்பெனில இருந்து வந்தா, இவ மோந்து பாத்து விட்டாத்தான் எம் பிள்ளைக்கு நான் பால் குடுக்கலாம். மீன் நாத்தம் இவளுக்கு ஆவாது."

அந்த அம்மா, பிடித்திருந்த நாத்தனாரின் கையை விட்டார். எழுந்து போய், மாமியார் மடியிலிருந்த என் பிள்ளையைத் தூக்கிவந்து என்னிடம் கொடுத்தார். அன்று பூராவும் கணவாய் வெட்டிய கையாலேயே வாங்கிக்கொண்டேன். கழுவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை.

அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தேன். சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று நாத்தனார் விம்மத் தொடங்கினாள். பிள்ளைக்கு வயிறு நிறையும்வரை நான் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.