வலைக்கு உள்ளே

தேனியில் எங்கள் மாடி வீட்டு பால்கனிக்குப் புறாவலை அடிக்க வந்த தம்பி வலைக்கட்டைப் பிரித்ததும், புது நைலானின் வாடை என்னைக் கூடலூருக்கு, எங்கள் கொல்லையை ஒட்டியிருந்து இன்று ப்ளாட்டாகிவிட்ட திராட்சைப் பந்தலுக்குக் கொண்டுபோனது. பனியோடு வந்து, பங்குனி வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும் மாங்குயில்கள் அங்கே முருங்கையில் மஞ்சள் மஞ்சளாய் உட்காரும். தண்ணீருக்குள் விசில் ஊதியது போல ஒரு குரல், பிறகு பந்தலில் பழம் கொத்தும் சலசலப்பு.

“இன்னைக்கே கட்டிப்புடு ஆத்தா” என்று அப்பா புது நைலான் வலையை இறக்கிவைத்துச் சொல்ல, அந்தி மங்குவதற்குள் அதைப் பந்தல் மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றிலும் முடிச்சு முடிச்சாகக் கட்டியது நான்தான்.

“ஒரு குருவி நுழையாதுப்பா” என்று பெருமையடித்தேன்.

எதுவும் நுழையவில்லைதான். இலைகளுக்குள் முன்பே ஒரு மாங்குயில் வந்து அடைந்திருந்ததை நான் பார்க்கவில்லை. விடிந்தபோது அது வலையில் சிறகு சிக்கிச் செத்துத் தொங்கியது. முருங்கையிலிருந்து அதன் ஜோடி கூப்பிட்டது. மற்றவையெல்லாம் போன பின்னும், சித்திரையில் பல நாள், அந்த ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஓரத்த இறுக்கிக் கட்டிரட்டுமாக்கா?” என்று கேட்டான் வலை அடிக்க வந்த தம்பி.

நான் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

“என்னக்கா தேடுறீக?”

“உள்ள எதுவும் இருக்கான்னு பாக்குறேன் தம்பி.”